ஓட்டிப் பார்த்தேன்

பிப்ரவரி 4

அன்புள்ள பொடிசுக்கு,

இடுப்பு வலியைத் தவிர நான் நன்றாக இருக்கிறேன். நீயும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, கேட்டுவிட்டேன். வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றைக்கு, "எதுவா இருந்தாலும் லெட்டர் போட்டுக் கேளுங்க, போன் பண்ணினா எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் போன் பண்ணவில்லை. அதற்காவது எனக்கு ஒரு மார்க் போடலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை குட்டி இங்கே வந்தபோது சொன்னாள், உன் டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு சின்ன எஸ்யூவி வாங்கப் போகிறாயாம். இரண்டு வண்டிகளில் எதை வாங்குவது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறாயாம். எந்த இரண்டு என்று கேட்டேன். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே இரண்டு வண்டிகளைத்தான் நானும் பத்திரிகைக்கு ஒப்பிட்டு எழுத வேண்டும்!

ஏப்ரல் இதழில் 'ஓட்டிப் பார்த்தேன்' தொடரின் நூறாவது பத்தி. அட்டையில் என் படம். வண்டிப் பரிசோதனைப் பிரிவுக்கே என்னைத் தலைவராக்கலாம் என்று ஆசிரியர் நினைக்கிறார். இந்த நேரம் பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது. உன்னிடம் மறைப்பானேன், நீ போனதிலிருந்து பத்தியில் பழைய ருசி இல்லை என்று வாசகர்கள் நச்சரிக்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் தரும் விளம்பரத் தாளை வைத்துக்கொண்டு நானும் எத்தனை மாதம்தான் ஒப்பேற்றுவது?

சிவப்பு ஒன்று, சாம்பல் நிறம் ஒன்று, இரண்டையும் நேராக உன் வாசலுக்கே அனுப்பச் சொல்கிறேன். பத்து நாள் வைத்துக்கொள். நீ வாங்குவதற்கு முன்னால் ஆற அமர ஓட்டிப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, எனக்கு ஒரு கட்டுரை கிடைத்த மாதிரியும் ஆயிற்று. நீ எதைச் சொல்கிறாயோ அதையே நானும் வாங்குகிறேன். உன் காதும் உன் கையும் சொன்னால் எனக்கு வேதவாக்கு.

உன்,
நெட்டையன்

பி.கு.: சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கட்டையை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். மூன்று சிவப்புக் கோடு போட்டது. எதற்கு என்று புரியவில்லை. கூடத்து ஜன்னல் கொக்கி போய்விட்டதால் அதற்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுமானால் குட்டியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

*

பிப்ரவரி 9

மதிப்புக்குரிய பத்தி எழுத்தாளருக்கு,

குட்டிக்குச் சளி. மற்றபடி இரண்டு பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம்.

வேதவாக்கு என்றெல்லாம் எழுதி என் தலையில் ஐஸ் வைக்க வேண்டாம். போன வாரம் குட்டியின் கட்டுரை நோட்டைப் பார்த்தேன். 'என் பெற்றோரின் வேலை' என்று தலைப்பு. அப்படியே எழுதுகிறேன், படியுங்கள்: "என் அப்பா புதுக் கார்களை ஓட்டிப் பார்த்து பத்திரிகையில் எழுதுவார். என் அம்மா அதை டைப் அடித்துக் கொடுப்பார். இப்போது அம்மா டைப் அடிப்பதில்லை. ஆன்ட்டிகளுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறார்." டீச்சர் கீழே 'நன்று' என்று எழுதி நட்சத்திரம் ஒட்டியிருக்கிறார்.

"யாருடி சொன்னா, அம்மா டைப் அடிப்பேன்னு?" என்று கேட்டேன். "அப்பாதான் சொன்னாரு" என்கிறாள், ஏதோ உலகத்துக்கே தெரிந்த விஷயம் மாதிரி. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

எழுபத்தைந்து பத்தி நான் எழுதியிருக்கிறேன். நான் ஓட்டி, நான் அளந்து, நான் எழுதியது. அந்த எழுபத்தைந்து வண்டிகளில் நீங்கள் எத்தனையில் ஏறினீர்கள்? போட்டோவுக்கு ஏறினதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வண்டிகளை அனுப்புங்கள், ஓட்டிப் பார்த்து எழுதித் தருகிறேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பத்தியில் என் பெயர் வர வேண்டும். உங்கள் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில். குட்டி அதை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும்.

கட்டை வேண்டாம். ஜன்னல் விழுந்துவிடப் போகிறது, அங்கேயே இருக்கட்டும்.

குட்டியின் அம்மா

*

பிப்ரவரி 13

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கோபம் எனக்குப் புதுசா? ஆனாலும் ஏழு வயசுக் குழந்தை எழுதினதற்குப் போய் இவ்வளவா? அவளுக்குப் புரிகிற மாதிரி ஏதோ சொன்னேன், அவள் அதை நோட்டில் ஏற்றிவிட்டாள். அடுத்த ஞாயிறு வரும்போது திருத்திச் சொல்கிறேன்.

பெயர் விஷயத்தை நீயே யோசித்துப் பார். நூறாவது பத்தியில் திடீரென்று இன்னொரு பெயர் வந்து உட்கார்ந்தால், அப்படியானால் முந்தின தொண்ணூற்றொன்பதை யார் எழுதினார்கள் என்று கேட்க மாட்டார்களா? என் சோற்றில் நானே மண்ணைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறாயா? முதலில் அந்தத் தலைவர் நாற்காலி கைக்கு வரட்டும். நூற்றொன்றாவது பத்தியில் உன் பெயர். குட்டி மேல் சத்தியம்.

உனக்காக நான் எதுவும் செய்யவில்லை என்று நினைக்காதே. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் பத்திரிகைக்குச் சோதனை ஓட்டுநர் வேண்டும் என்று நீ விண்ணப்பம் போட்டாயே, அப்போது ஆசிரியரிடம் உனக்காக எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா? காலில் விழாத குறை. "நல்லா ஓட்டுவா சார், ஒரு தடவை பாருங்க" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அந்த ஆள்தான் மசியவில்லை. உனக்கு மனசு கஷ்டமாக இருக்குமே என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை.

புதன்கிழமை வண்டிகள் வந்துவிடும். மாட்டேன் என்று சொல்லிவிடாதே. உன்னை விட்டால் எனக்கு யார்?

உன்,
நெட்டையன்

*

பிப்ரவரி 17

வணக்கம்.

கெஞ்சினீர்களா? எனக்குத் தெரியாமல் போயிற்றே.

சரி, பெயர் வேண்டாம். இனிமேல் கேட்கவும் மாட்டேன். வண்டிகளை அனுப்புங்கள், மாதக் கடைசிக்குள் எழுதித் தருகிறேன். ஒரே நிபந்தனை. கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நீங்கள் படிக்க வேண்டும். உங்கள் பெயரில் வரப்போகிறது, உங்கள் கண்ணால் படியுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

குட்டியின் அம்மா

*

மார்ச் 1

வணக்கம்.

கட்டுரை இதோடு இருக்கிறது. நாலு பக்கம்.

பத்து நாளும் பள்ளிக்கூடம் விட்டதும் குட்டியைப் பின் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். கால் மணி நேரத்தில் "அம்மா, சிவப்பு மேடு ஏறும்போது முனகுது" என்றாள். நான் அதை எழுதி வைத்திருந்தேன், அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு என் காது. டிக்கியை அளந்தபோது டேப்பின் ஒரு முனையை அவள்தான் பிடித்தாள். என் மாணவிகள் ஆறு பேரையும் மாற்றி மாற்றி ஏற்றி இறக்கினேன்.

மறுபடியும் சொல்கிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கொடுங்கள். முக்கியமாக மூன்றாம் பக்கத்தையும் நாலாம் பக்கத்தையும்.

குட்டியின் அம்மா

_ஓட்டிப் பார்த்தேன் – 100_

_இரண்டு சின்ன எஸ்யூவிகள், ஒரே விலை, ஒரே வாசல். எதை வாங்குவது? பத்து நாள் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியதில் முதலில் தெரிந்தது, இவை ஒரே அளவுச் சட்டை போட்ட இரண்டு வேறு ஆட்கள். சிவப்பு முரடு. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் பாய்கிறது, பிறகுதான் யோசிக்கிறது. சாம்பல் யோசித்துவிட்டுக் கிளம்புகிறது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள செங்குத்து மேட்டில் பாதியில் நிறுத்தி மறுபடி எடுத்தேன். சிவப்பு ஒரு முழம் பின்னால் வழுக்கிவிட்டு, முனகிக்கொண்டு ஏறியது. சாம்பல் நின்ற இடத்திலிருந்தே நகர்ந்தது…_

_(இரண்டாம் பக்கம்) …வேகத்தடைகளில் சிவப்பு நம்மைத் தூக்கிப் போடுகிறது. சாம்பல் தொட்டில் மாதிரி என்று சொல்ல முடியாது, ஆனால் மடியிலிருக்கும் டிபன் டப்பா கொட்டாது. டிக்கியில் சிவப்பு ஜெயிக்கிறது. இரண்டு பெரிய பெட்டியும் ஒரு குழந்தை வண்டியும் மடக்காமல் போகும். சாம்பலில் குழந்தை வண்டியை மடக்க வேண்டும்…_

_(மூன்றாம் பக்கம்) …இனி உட்காருவதைப் பற்றி. என் உயரம் நாலடி பத்தங்குலம். இதுவரை வந்த எந்த எஸ்யூவியும் என்னை நினைத்துச் செய்யப்பட்டதில்லை. சிவப்பில் சீட்டை முழுக்க முன்னால் இழுத்தும் கிளட்சை அடிவரை மிதிக்க நுனிக்காலில் நிற்க வேண்டியிருக்கிறது. பானட்டின் முனை தெரியவே இல்லை, குத்துமதிப்பாகத்தான் ஓட்டினேன். சீட் பெல்ட் கழுத்தை அறுக்கிறது. ஹெட்ரெஸ்ட் என் கொண்டையில் முட்டித் தலையை முன்னால் தள்ளுகிறது. பத்து நிமிஷத்தில் கழுத்து வலி._

_சாம்பலில் சீட்டின் உயரத்தைக் கூட்டினேன், ஸ்டியரிங்கை என் பக்கம் இழுத்தேன். கால் முழுசாகத் தரையில் பதிந்தது. ஹெட்ரெஸ்டில் பள்ளம் இருப்பதால் கொண்டை அதில் பாந்தமாக உட்கார்ந்துகொள்கிறது. பெல்ட்டின் கொக்கியை இறக்கிவைத்துக்கொள்ளலாம். ஏழு மாதக் கர்ப்பத்தோடு ஒரு வண்டியை மேடும் பள்ளமுமான ரோட்டில் எழுபது கிலோமீட்டர் இந்தப் பத்திக்காக நான் ஓட்டியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு இப்படி ஒரு பெல்ட் இருந்திருந்தால் வயிற்றில் ஒரு கையும் ஸ்டியரிங்கில் ஒரு கையுமாக வீடு வந்து சேர்ந்திருக்க வேண்டாம்._

_(நாலாம் பக்கம்) …சாம்பலின் குறை ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. கூரை தாழ்வு. டேப் வைத்து அளந்து பார்த்தேன். ஆறடிக்காரர்கள் சாம்பலின் பக்கமே போக வேண்டாம். உச்சந்தலை கூரையில் இடிக்கும், முழங்கால் ஸ்டியரிங்கில் மாட்டும். அவர்களுக்குச் சிவப்புதான் சரி. குள்ளமானவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சாம்பலை வாங்கலாம்._

_நான் வாங்கப் போவது சாம்பல்._

*

மார்ச் 5

என் அருமைப் பொடிசுக்கு,

அடேங்கப்பா! 'ஒரே அளவுச் சட்டை போட்ட இரண்டு வேறு ஆட்கள்' – அந்த வரியைப் படித்ததும் எழுந்து நின்று கை தட்டினேன். பழைய ருசி திரும்பிவிட்டது. மேலே பெயரை மட்டும் போட்டு அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். என் பத்தியில் ஒரு கமாவைக்கூட எவனும் தொடக்கூடாது என்று நான் போட்ட சட்டம் உனக்குத் தெரியுமே. படித்துப் பார்க்கட்டுமா என்று உதவி ஆசிரியர் கேட்டார். "நூறு பத்தி எழுதினவனுக்கு நீ திருத்தம் போடப் போறியா?" என்று ஒரு போடு போட்டேன். வந்த வழியே போய்விட்டார்.

சாம்பல் என்று முடிவு சொல்லியிருக்கிறாய். அதையே புக் பண்ணிவிட்டேன்! சொன்ன சொல் மாறமாட்டேன். பத்திக்கு நடுவில் கட்டம் கட்டி, 'இதை நானே வாங்குகிறேன்' என்று கொட்டை எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். இதழ் வெளிவரும் அன்றைக்கே ஷோரூமில் வைத்துச் சாவி தருகிறார்கள். ஆசிரியர் வருகிறார், போட்டோக்காரர் வருகிறார். நீயும் குட்டியை அழைத்துக்கொண்டு வாயேன்.

உன்,
நெட்டையன்

*

மார்ச் 8

மூன்றாம் பக்கம் படித்தீர்களா? நாலாம் பக்கம் படித்தீர்களா? அச்சு ஏற இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் அந்த வண்டியில் ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பாருங்கள்.

குட்டியின் அம்மா

*

மார்ச் 11

எல்லாம் படித்தாயிற்று, பொடிசு. ஒரு வரி விடாமல். உனக்கு எப்போதும் சந்தேகம்தான். வண்டியில் நீ உட்கார்ந்தாயிற்று, அப்புறம் நான் எதற்கு?

நெ.

*

ஏப்ரல் 2

அடிப்பாவி,

உனக்கு இப்போது நிம்மதியா? குளிர்ந்துவிட்டதா மனசு?

நேற்று நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுச் சந்தோஷப்படு. ஷோரூம் முழுக்க ஆட்கள். சாவியை வாங்கிக்கொண்டு கையை ஆட்டிவிட்டு ஏறினேன். உச்சந்தலை கூரையில் ணங்கென்று இடித்தது. சீட்டைத் தள்ளிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. "சார், கொஞ்சம் தலையை நிமித்துங்க" என்கிறான் போட்டோக்காரன். எங்கேயடி நிமிர்த்துவது?

அப்போது ஆசிரியர் சூட்டோடு சூடாக வந்த இதழைப் பிரித்தார். பத்தியின் மூன்றாம் பக்கத்தை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். கொண்டை என்ற இடம் வந்ததும் நிறுத்தி என் தலையைப் பார்த்தார். எனக்கு நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் வழுக்கை! "ஏழு மாசம்னு போட்டிருக்கே, எப்ப சார் அது?" என்று உதவி ஆசிரியர் கேட்டார். அந்தப் பயல் எத்தனை நாளாகக் காத்திருந்தானோ. நாலாம் பக்கத்தை ஆசிரியர் படிக்கவில்லை. மடித்து என் கையில் கொடுத்தார். நான் அந்த வண்டிக்குள்ளேயே, தலையைச் சாய்த்துக்கொண்டு, அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தேன்.

இன்று காலைக்குள் நாற்பது வாசகர்கள் எழுதிவிட்டார்கள். ஒருத்தன் ஆபீஸுக்கே வந்து ஹேர்பின் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒருத்தி 'சுகப்பிரசவம்தானே?' என்று கேட்கிறாள். இதற்கு நடுவில் பத்துப் பதினைந்து பெண்கள், இத்தனை வருஷத்தில் இப்போதுதான் எங்களுக்காக எழுதியிருக்கிறீர்கள் என்று நன்றி வேறு சொல்கிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

(இதுவரைக்கும் கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். நேரமில்லை.)

பொடிசு, பதினைந்தாம் தேதிக்குள் எழுத்தில் விளக்கம் தரச் சொல்லிவிட்டார் ஆசிரியர். தலைவர் நாற்காலி போய்விட்டது. பத்தியும் போய்விடும் போலிருக்கிறது. ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. நீ ஆசிரியருக்கு நாலு வரி எழுது. டைப் அடித்துக் கொடுக்கும்போது உன் டிரைவிங் ஸ்கூலுக்காக எழுதிவைத்த குறிப்பு தவறிப்போய் நடுவில் சேர்ந்துவிட்டது என்று எழுது. உனக்கு அதில் என்ன நஷ்டம்? நீ அங்கே வேலை பார்க்கவில்லையே.

இதைச் செய்துவிட்டால் நீ சொல்கிறபடி நடக்கிறேன். இரண்டு பேர் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். நீ திரும்பி வா. குட்டிக்கு அப்பா வேண்டாமா?

உன் உன் உன்,
நெட்டையன்

*

ஏப்ரல் 7

வணக்கம்.

குட்டிக்குப் பரீட்சை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல வருவாள். அதில் ஒரு மாற்றமும் இல்லை. அப்பா வேண்டாம் என்று நான் அவளிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

நான் உங்களை ஏமாற்றவில்லை. பக்க எண்ணைக்கூடச் சொல்லி மூன்று தடவை எழுதினேன். ஏறி உட்கார்ந்து பாருங்கள் என்றேன். "நீ உட்கார்ந்தாயிற்று, அப்புறம் நான் எதற்கு" என்று எழுதினீர்கள். அந்தக் காகிதம் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். அதையும் மறைக்கப் போவதில்லை.

ஏன் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆபீஸ் வரவேற்பில் இருக்கிற பெண் ஆறு மாதத்துக்கு முன்னால் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள். ரிவர்ஸ் எடுக்கும்போது பயத்தில் எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் அப்படித்தான் ஆரம்பித்தாள். "அக்கா, அன்னிக்கு உங்க அப்ளிகேஷன் ஆசிரியர் கையில இருந்துச்சு. நான் காபி கொண்டு போனேன். இந்தம்மா நெஜமாவே வண்டியெல்லாம் ஓட்டுவாங்களான்னு உங்க வீட்டு சார்கிட்ட கேட்டாரு. சார் சிரிச்சுட்டு, 'அவளா? நான் சொல்றத டைப் அடிப்பா, அவ்ளோதான்'னு சொன்னாரு." சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியை உடைத்துவிட்டாள். நான் திட்டவில்லை. எனக்குத் தொட்டி உடைந்த சத்தமே கேட்கவில்லை.

அதுவரைக்கும், குட்டியின் பரீட்சை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றோடு அந்த யோசனை போயிற்று.

அப்படியும் உங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். பெயர் கேட்டேன் அல்லவா? போடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழையபடியே உங்களை வைத்து எழுதித் தந்திருப்பேன். மன்னித்திருப்பேனா தெரியாது, எழுதித் தந்திருப்பேன். நீங்களோ எனக்காகக் கெஞ்சினேன், காலில் விழாத குறை என்று எழுதினீர்கள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அதை எழுதினீர்கள்? அந்த வரியைப் படித்ததும்தான் பத்தியில் நான் நாலடி பத்தங்குலம் ஆனேன்.

ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறீர்களே, அந்தக் கட்டை எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அது நீங்கள்தான். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று அளந்து, தரை துடைக்கிற கட்டையை வெட்டி, என் நகப்பூச்சால் கோடு போட்டேன். கீழ்க்கோடு உங்கள் தோள், நடுக்கோடு கண், மேல்கோடு உச்சந்தலை. எழுபத்தைந்து வண்டிகளிலும் அதைச் சீட்டில் நிறுத்தி, உங்கள் தலை இடிக்குமா, உங்கள் கண்ணுக்கு ரோடு எப்படித் தெரியும் என்று பார்த்துத்தான் 'நான்' என்று எழுதினேன். கிளட்சை மிதிக்க எனக்கு முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வேண்டியிருந்தது. அதை எந்தப் பத்தியிலும் எழுதவில்லை. ஆறு வருஷம் உங்கள் கூடத்திலும் சமையலறையிலும் அந்தக் கட்டை கிடந்தது. ஒருநாள்கூட அது என்னவென்று நீங்கள் கேட்கவில்லை. இந்தத் தடவை கட்டை உங்களிடம் இருந்தது. சாம்பலில் ஒரு தடவை நிறுத்திப் பார்த்திருந்தால் அதுவே சொல்லியிருக்கும்.

உங்கள் ஆசிரியர் எனக்கும் எழுதியிருந்தார். இதை எழுதியது நீங்கள்தான் என்றால் ஒரு வரி போதும், பத்தி இனி உங்களுக்கே, உங்கள் பெயரிலேயே என்று. பொய் சொல்லவில்லை, ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அந்தக் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். பாடம் சொல்லிக்கொடுக்கும்போதுகூட எடுத்துப் பார்த்தேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? பெண்டாட்டி எழுதினதைத் தன் பெயரில் போட்டுக்கொண்டவர் என்று இரண்டு மாதம் சிரிப்பார்கள். மூன்றாம் மாதம் பாவம் என்று சொல்வார்கள். நீங்களும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நிற்பீர்கள், நானும் இரக்கப்பட்டுத் தொலைப்பேன். எனக்கு அது வேண்டாம். அந்த அறையில் என்னைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னீர்கள். அந்த வாக்கியம்தான் எனக்கு வேலை இல்லாமல் செய்தது. இனிமேல் அதற்குள் நீங்கள் குடியிருங்கள்.

குட்டிக்காகத்தான் என் பெயரைக் கேட்டேன். இனி அதற்கும் அவசியம் இல்லை. பத்து நாள் பின்சீட்டில் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். போன வாரம் நான் வாங்கிய சாம்பல் வண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. முதல் வேலையாக டேப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, "நீ அந்தப் பக்கம் பிடிம்மா" என்றாள்.

ஆசிரியருக்கு நீங்கள் கேட்டபடியே எழுதிவிட்டேன். நகல் கீழே.

குட்டியின் அம்மா

_மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,_

_தங்கள் கடிதம் கிடைத்தது. பத்தியை எனக்குத் தர முன்வந்ததற்கு நன்றி. அதை ஏற்றுக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் விண்ணப்பம் தங்கள் கையில் இருந்தபோது என் கணவர் தங்களிடம் சொன்னதுதான் சரி. நான் டைப் அடிப்பவள் மட்டுமே._

_நூறாவது பத்தியையும் அவர் சொல்லச் சொல்ல, ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் டைப் அடித்துக் கொடுத்தேன். தவறிப்போய் எதுவும் சேரவில்லை, எதுவும் விடுபடவும் இல்லை. உயரம், கொண்டை, ஏழு மாதம் எல்லாம் அவர் சொன்னவைதான். வேறு ஏதாவது விளக்கம் வேண்டுமானால் ஓட்டிப் பார்த்தவரையே கேட்டுக்கொள்ளுங்கள்._

_இப்படிக்கு,_
_டைப் அடிக்கிறவள்_